ஸ்விஃப்ட் சைலன்சர் சத்தத்தைக் கொஞ்சம் கனமாக்க முடியுமா?

மன்னை ஸ்விஃப்ட்:

வணக்கம். என்னிடம் இருப்பது 2018 ஸ்விஃப்ட், பெட்ரோல், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், பிஎஸ் 4 புகை விதிப்படி வந்தது. வீடு மன்னார்குடியில், வேலை தஞ்சாவூரில். தினமும் வடுவூர் வழியாகப் போய் வருகிறேன். போன மாதம் ரோடு வேலை நடக்கும் இடத்தில் கல் ஒன்று அடித்துப் பின்பக்கச் சைலன்சர் டப்பா ஒடுங்கிவிட்டது. உள்ளே தகடு ஏதோ கழன்று கிலுகிலுவென்கிறது. எப்படியும் மாற்றியாக வேண்டும்.

மாற்றுகிற கையோடு நெடுநாள் ஆசை ஒன்றையும் தீர்த்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன். இந்த எஞ்சினை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மிதித்தால் தயங்காமல் எழும்பும். சத்தம் மட்டும் மெலிந்து, அந்த ஓட்டத்துக்குப் பொருந்தாமல் இருக்கிறது. எஞ்சின் சுற்று 3000 ஆர்பிஎம்முக்கு மேல் போகும்போது அடித்தொண்டையிலிருந்து லேசாக ஒரு உறுமல் வந்தால் போதும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

காலை ஐந்தரைக்கு வண்டியை எடுக்கிறேன். எங்கள் தெரு குறுகல். எதிர் வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி படுத்திருப்பார், பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். அப்பாவை அடிக்கடி தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. பின் சீட்டில் அவர் தலைவலி இல்லாமல் உட்கார்ந்து வர வேண்டும். தெருவை எழுப்பாத, அப்பாவைப் படுத்தாத கனம் என்று ஒன்று உண்டா?

இங்கே ஒரு கடையில் டப்பாவை எடுத்துவிட்டு நேர் பைப் வைத்துத் தருகிறேன் என்றார்கள். இன்னொருவர் நடுவில் இருக்கும் சின்ன டப்பாவை மட்டும் வெட்டினால் போதும் என்கிறார். இரண்டு பேரும் நேர் எதிராகச் சொல்வதால்தான் இங்கே கேட்கிறேன்.

நாகை உப்புக்காற்று:

நேர் பைப் மட்டும் வேண்டாம் அண்ணே. என் மச்சான் வண்டியில் அதைத்தான் செய்தார்கள். ஊருக்குள் மெதுவாக உருட்டும்போது நன்றாகத்தான் இருந்தது. ஈசிஆரில் வேளாங்கண்ணி தாண்டி வேதாரண்யம் பக்கம் போகும்போது 80-ல் ஒரே சீராக ஊம்ம்ம் என்று உள்ளே நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டும் என்றால் கண்ணாடியை இறக்க வேண்டும். இறக்கினால் காற்று. அக்கா அந்த வண்டியில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். பழைய டப்பாவைத் தேடி மறுபடியும் மாட்டினார்கள்.

இன்னொன்று, எந்தத் தகடு என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்பில் செய்து அலுமினிய பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள். எங்கள் கடலோரக் காற்றில் அது இரண்டு மழைக்காலம் தாண்டாது. மன்னார்குடியில் அவ்வளவு உப்பு இல்லை என்றாலும் 304 ஸ்டெயின்லெஸ் என்றால் பிறகு தொட வேண்டியதே இல்லை. 409 விலை குறைவு, கம்பெனி சைலன்சர்களில் பெரும்பாலும் வருவது அந்த வகைதான். மேலாகத் துருப் பூக்கும், ஓட்டை விழ நாளாகும்.

ஆடுதுறை வெல்டிங்:

தம்பி, நான் ஆடுதுறையில் பட்டறை வைத்திருக்கிறேன். டிராக்டர், பவர் டில்லர், அறுவடை மெஷின் இவற்றின் சைலன்சர்தான் அதிகம் வரும். கார்களும் வரும். சத்தம் என்பது நான் ஆசையாகக் கவனிக்கிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

பெரிய சத்தம் வேறு, கனமான சத்தம் வேறு. எங்களுக்குப் பக்கத்தில்தான் நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை. அதை அடுத்து திருவாவடுதுறை. திமிரி நாதஸ்வரம் குட்டை, சுருதி உச்சத்தில் இருக்கும், ஊர் எல்லை வரை கேட்கும். பாரி நாதஸ்வரம் நீளம், சுருதி இறங்கும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நெஞ்சுக்குள் போகும். ராஜரத்தினம் பிள்ளை திமிரியை விட்டுப் பாரிக்கு வந்தது சத்தத்தைக் கூட்டுவதற்கு இல்லை. உங்களுக்கு வேண்டியதும் பாரிதான். டப்பாவைக் கழற்றினால் வருவது திமிரியும் பாரியும் தவுலும் சேர்ந்து ஒரே நேரத்தில்.

இதில் ஒரு வித்தியாசம் உண்டு. நாதஸ்வரத்தில் சுருதியைக் குழாய் முடிவு செய்கிறது. காரில் அதை எஞ்சினே முடிவு செய்துவிடும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 3000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு. ஆக அடிச்சுருதி 100 ஹெர்ட்ஸ். எவ்வளவு செலவு செய்து எந்தச் சைலன்சர் போட்டாலும் அது 100-தான். மூன்று சிலிண்டர் வண்டியில் அதே 3000-ல் 75 வெடிப்பு, அதனால்தான் அதன் சத்தம் தாழ்ந்து கேட்கிறது. 2024-ல் வந்த ஸ்விஃப்டும் மூன்று சிலிண்டர்தான், ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் சைலன்சர் என்னதான் செய்கிறது? அடிச்சுருதியின் மேல் 200, 300, 400 என்று அடுக்கடுக்காக ஏறிப் போகும் சத்தங்கள் இருக்கின்றன. எதை விடுவது, எதை விழுங்குவது என்பது அதன் வேலை. மேலே இருக்கும் கரகரப்பை நன்றாக விழுங்கி, அடியை ஒரு சொட்டு கூடுதலாக விட்டால் காதுக்குக் கனமாகத் தெரியும். மொத்தச் சத்தம் கூடவே வேண்டாம்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். எஞ்சினிலிருந்து பின்னால் வரும்போது முதலில் நச்சுப் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், நடுவில் ரெசனேட்டர் என்ற சின்ன டப்பா, கடைசியில் பெரிய டப்பா. கன்வெர்ட்டரை யார் சொன்னாலும் தொடாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. எடுத்தால் செக் எஞ்சின் லைட் எரியும், ஸ்கேனரில் பி0420 என்று, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற குறியீடு வரும். புகைச் சோதனையிலும் மாட்டும். பிஎஸ் 4 பெட்ரோல் காருக்கு ஐடிலில், அதாவது நின்றபடி எஞ்சின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம், அதற்கு மேல் இருக்கக் கூடாது. கன்வெர்ட்டர் இல்லாமல் அந்த அளவுக்குள் நிற்பது நடக்காத காரியம். எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் புகையைத் தெருவில் நிற்கும் பிள்ளைகள் சுவாசிக்க வேண்டும்.

நடு டப்பாவை வெட்டச் சொன்னவர் மேல் எனக்குக் கோபமே வருகிறது. கரகரப்பை வெட்டுவதே அதுதான். அதை எடுத்துவிட்டுப் பின் டப்பாவை வைத்தால் 3500-க்கு மேல் தகரம் அதிர்கிற மாதிரி பர்ர் என்று வரும். நீங்கள் கேட்டதற்கு நேர் எதிர். அது அப்படியே இருக்கட்டும்.

மிச்சம் பின் டப்பா. எப்படியும் மாற்றப் போவதும் அதைத்தான், நல்லதாகப் போயிற்று. கம்பெனி டப்பாவுக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து இரண்டு மூன்று அறைகள் இருக்கும், புகை வளைந்து வளைந்து போகும். வெளியே விற்கும் ஃப்ரீ ஃப்ளோ என்பது துளையிட்ட நேர்க் குழாய், சுற்றிலும் கிளாஸ் வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சு. மேல் சத்தத்தைக் கிளாஸ் வூல் நன்றாக உறிஞ்சும், அடிச் சத்தம் அதற்கு அகப்படாது. அதனால் புதிதில் கனமாக இருக்கும். ஆனால் நம் பக்கத்து ஓட்டத்துக்கு அது தாங்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. கடைக்கும் வீட்டுக்குமாகக் குட்டி ஓட்டம் ஓடும்போது டப்பா சூடேறுவதே இல்லை, தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். ஐப்பசி கார்த்திகையில் ரோட்டில் தேங்கும் தண்ணீர் வேறு. கிளாஸ் வூல் நனைந்து, காய்ந்து, பொடிந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகையோடு வெளியே போய்விடும். அப்புறம் மிஞ்சுவது வெறும் குழாய். வாங்கியபோது இருந்த கனம் போய் அலறல்தான் இருக்கும்.

நான் செய்து கொடுப்பது இரண்டையும் கலந்தது. உள்ளே முன்பாதி துளைக் குழாய், அதைச் சுற்றி முதலில் ஸ்டீல் வூல், அதற்கு வெளியே கிளாஸ் வூல். ஸ்டீல் வூல் சூட்டைத் தாங்கி மற்றதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்பாதி ஒரு தடுப்புத் தகடோடு காலி அறை. டப்பாவின் கொள்ளளவு பழையதற்குக் குறையக் கூடாது, முடிந்தால் கொஞ்சம் கூடவே இருக்கட்டும். அடிச் சத்தத்தை அடக்குவதில் இடம்தான் முக்கியம். பார்க்க அழகாக இருக்கிறது என்று குட்டி டப்பாவை வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. தண்ணீர் வடிய அடியில் தாழ்ந்த இடத்தில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை.

பைப் விட்டத்தை மாற்றாதீர்கள். இருக்கிற குழாயை அளந்து அதே அளவு. பெரிதாக்கினால் புகையின் வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும். இந்த எஞ்சினுக்கு 113 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), அதுவும் 4200-ல்தான் முழுதாக வருகிறது. கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மூன்றாவது கியரில் உருட்டிக்கொண்டு போய், இடைவெளி கிடைத்ததும் மிதிக்கும்போது தெரியும் அந்த இழப்பு.

இப்போது அப்பாவின் தலைவலி. ஐந்தாவது கியரில் 80-ல் போகும்போது ஆர்பிஎம் ஊசி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2400 என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 80 வெடிப்பு. கார் உள்ளே இருக்கும் காற்றுக்கும் சொந்தமாக ஒரு சுருதி உண்டு. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் நாகைத் தம்பி சொன்ன ஊம்ம்ம் வரும். அதை அடக்க, முனை மூடிய கிளைக் குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் வைக்கும் முறை உண்டு. அந்த அலையின் கால் பங்கு நீளம் இருக்க வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்கு, பின்பக்கம் வரும் புகையின் சூட்டைக் கணக்கில் எடுத்தால், நாலரை அடி வருகிறது. ஸ்விஃப்ட் அடியில் அதை எங்கே மடக்கி வைப்பது? அதனால்தான் தடுப்பு அறை வேண்டும் என்கிறேன். மாட்டிய அன்றே காசைக் கொடுத்துவிட்டுப் போகாமல், பின் சீட்டில் ஆளை உட்கார வைத்து 60-லிருந்து 90 வரை மெதுவாக ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஓட்டுகிறவருக்குக் கேட்காத ஊமைச் சத்தம் பின் சீட்டில் கேட்கும்.

சுவாமிமலை சர்வேயர்:

ஆடுதுறை அண்ணன் எழுதியதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். நான் வாகன இன்சூரன்ஸ் சர்வே செய்கிறவன், சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் பாகங்களை மாற்றிப் பொருத்தும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சத்தம், புகை அளவை மீறி ஓட்டினால் 190(2): 10,000 வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். மத்திய மோட்டார் வாகன விதி 120, ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தை முடிந்த அளவு குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. நேர் பைப் அந்த இடத்திலேயே அடிபட்டுவிடும்.

ஆக, அண்ணன் சொல்வது போல அளவோடு செய்த டப்பாவாக இருந்தாலும், கம்பெனி பாகத்துக்கு மாற்றாகப் போகும் எதிலும் இந்த ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தே இறங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவியுங்கள். அடியில் தீப்பிடித்த வண்டி ஒன்று வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அங்கே புதிதாக வெல்டிங் இருக்கிறதா என்பதைத்தான்.

அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றீர்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. உங்கள் ரோட்டில் வடுவூர் ஏரி வேறு இருக்கிறது. 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். கார்த்திகை முதல் மாசி வரை பறவைகள் அடைந்து கிடக்கும். விடியற்காலையில் அந்த வழியாகப் போகிறவர் நீங்கள்.

திருவையாறு டீச்சர்:

தம்பி, சைலன்சர் பக்கமே போகாமல் ஒரு வழி இருக்கிறது. உங்களுக்கு உள்ளே கேட்டால் போதும், வெளியே யாருக்கும் கேட்க வேண்டாம் என்பதுதானே விஷயம்? மிதிக்கும்போது நாம் கேட்கும் உறுமலில் ஒரு பங்கு காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்திலிருந்து வருவது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் குழாயில் பல கார்களில் சத்தத்தை விழுங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒட்டியிருக்கும். என் காரில் அதைக் கழற்றி வாயை மூடி வைத்திருக்கிறேன். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால்தான் குரல் வரும். சீராக ஓடும்போது பழையபடியே அமைதி. ஐடிலில் தெருவுக்கு ஒன்றுமே கேட்காது. வெல்டிங் இல்லை, வேண்டாம் என்றால் பத்து நிமிடத்தில் திரும்ப மாட்டிவிடலாம்.

ஏர் ஃபில்டர் பெட்டியை மட்டும் எடுக்காதீர்கள். கூம்பு மாதிரி திறந்த ஃபில்டர் விற்கிறார்கள், நெல் தூற்றும் தூசிக்கு அது ஆகாது, எஞ்சின் சூட்டுக் காற்றையும் சேர்த்து இழுக்கும். காற்று இழுக்கும் வாயைத் தாழ்வாக இறக்கி வைப்பதும் கூடாது. குடமுருட்டிப் பக்கம் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாளில் எஞ்சின் அதைக் குடித்துவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மன்னை ஸ்விஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் பானெட்டைத் திறந்து பார்த்தேன். குழாயில் அந்த மாதிரி ஒரு டப்பா இருக்கிறது. முதலில் அதைச் செய்து பார்க்கிறேன். பின் டப்பாவுக்குக் கம்பெனி பாகமே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. சர்வேயர் சார் சொன்னபிறகு மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

ஆடுதுறை அண்ணே, ஒரு கேள்வி. கம்பெனி டப்பாவை மாட்டுவதற்கே இங்கே பட்டறையில் பழைய பைப்பை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும் என்கிறார்கள். அதில் நான் என்ன பார்க்க வேண்டும்? வெளியே தெரியும் பைப் முனையை மட்டும் பெரிதாக வைத்தால் சத்தம் ஏதாவது மாறுமா?

ஆடுதுறை வெல்டிங்:

நல்ல முடிவு தம்பி. டீச்சர் சொன்னது எனக்கும் பிடித்திருக்கிறது, உங்கள் தேவைக்கு அதுதான் சரி. கம்பெனி டப்பா என்று முடிவு செய்தபின் என் டிசைனை மறந்துவிடுங்கள்.

முனையைப் பெரிதாக வைத்தால் பார்வைக்குத்தான். சத்தத்தில் நீங்கள் கண்டுபிடிக்கும்படி எதுவும் மாறாது.

மாட்டும்போது: வண்டியில் வைத்தே வெல்டிங் அடிக்க வேண்டியிருந்தால் பேட்டரி இரண்டு முனையையும் கழற்றச் சொல்லுங்கள், எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் பைப்பிலேயே பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் போகலாம். பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, அதனால் முடிந்தவரை கீழே இறக்கி வைத்து வேலை செய்பவராகப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் ஆர்கான் வெல்டிங்தான், சாதாரண ராடு வைத்தால் அந்த இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும்.

தொங்கவிடும் சைலன்சர் ரப்பர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள், செலவு சொற்பம். பழைய ரப்பர் இறுகிப்போய் அதிர்வை அப்படியே பாடிக்கு அனுப்பும். நிறையப் பேர் சைலன்சர் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். பைப்புகளைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் ஃபிளாஞ்சில் கேஸ்கெட்டும் புதிது. மாட்டியதும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, முனையைத் துணியால் லேசாக அடைத்து, ஒவ்வொரு ஜாயின்டிலும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஹேட்ச்பேக்கில் பின்கதவு ரப்பர் வழியாகப் புகை உள்ளே வரும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, பின் சீட்டில் உட்காருவது அப்பா.

ஒடுங்கிய பழைய டப்பாவுக்கு மேலே ஒரு தகடு இருக்கும், சூடு தடுக்க. பட்டறையில் கழற்றிப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். கேட்டு வாங்கி மாட்டுங்கள். குறுவை அறுப்பு சமயத்தில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருக்கும் இடத்தில் ஓட்டிப் போனால், அந்த ஊரைத் தாண்டியதும் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். கன்வெர்ட்டர் பக்கம் வைக்கோல் சுற்றியிருந்தால் கையால் தொடாமல் குச்சியால் இழுத்து எடுத்துவிட்டுப் புறப்படுங்கள். அந்த இடம் முந்நூறு டிகிரிக்கு மேல் காயும்.

காற்றுப் பக்கம் மாற்றியபின் சத்தம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள் தம்பி. இந்தப் பக்கம் வந்தால் பட்டறைக்கு வாருங்கள், ஓட்டிப் பார்க்கலாம்.